வானில் ஒரு மணி. மலையில் ஒரு பகல்!

தருமபுரி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு, "பெங்களூர் எவ்வளவு தூரம்?" என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள், தோழர்களே! கிலோமீட்டர் கணக்குச் சொல்பவர் ஒருவரும் இருக்கமாட்டார். "மூணு மணி நேரம்" என்பார் பூக்கூடையோடு நிற்பவர். "ஓசூர்ல மாட்டிக்கிட்டா நாலு மணி" என்பார் பக்கத்தில் நிற்கும் கட்டடத் தொழிலாளி. தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்கிறார்கள். அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். சரியான கணக்குத் தெரிந்தவர்கள்!

நம் பாட்டனும் பூட்டனும் அப்படித்தான் அளந்தார்கள். 'நாழிகை வழி' என்று ஒரு பழைய சொல் உண்டு. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். ஒரு நாழிகைப் பொழுதில் மனிதன் நடந்து கடக்கும் தொலைவு நாழிகை வழி. மேட்டில் ஏறுகிறவனுக்கும் சமவெளியில் நடக்கிறவனுக்கும், தலையில் சுமை உள்ளவனுக்கும் கை வீசி நடக்கிறவனுக்கும் தூரம் ஒன்றல்ல என்று அறிந்தவர்கள் வைத்த பெயர் அது. கல் நட்டு அளப்பது நிலத்தின் கணக்கு. பொழுதை வைத்து அளப்பது மனிதனின் கணக்கு.

இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய காலம் இது. ஏனென்றால், தலைக்கு மேலே விமானம் பறக்கிறது. காலுக்குக் கீழே மலைப்பாதை கிடக்கிறது.

இரண்டு விமானத் தளங்கள்

சேலத்துக்கு அருகே, ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் ஒரு விமான நிலையம் இருக்கிறது. ஓசூருக்கு அருகே பேளகொண்டப்பள்ளியில் தனியார் விமானத் தளம் ஒன்று இருக்கிறது. முதலாவது பயணிகளுக்காகக் கட்டப்பட்டது. இரண்டாவது விமானத் தொழிற்சாலையைச் சேர்ந்த ஓடுபாதை. இரண்டுக்கும் நடுவே கயிறு பிடித்தாற்போல் நேர்க்கோடு போட்டால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். விமானம் பறந்தால் கால் மணி, மிஞ்சினால் அரை மணி. தரை வழியே தொப்பூர்க் கணவாய் ஏறி, தருமபுரி கடந்து, கிருஷ்ணகிரி கடந்து போனால் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். இரண்டரை மணிக்குக் குறையாது. தொப்பூரில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தால் எத்தனை மணி என்று யாரும் சொல்ல முடியாது.

"ஆகா! இரண்டரை மணியை அரை மணியாக்கலாமே! விமானம் விட்டால் என்ன?" என்று தோன்றும். அங்கேதான் நின்று யோசிக்க வேண்டும்.

விமானக் கம்பெனி சொல்லும் நேரம், ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்கு. நாம் கேட்கும் நேரம், வீட்டு வாசலிலிருந்து வேலை வாசலுக்கு. சேலத்திலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் போகும் ஒருவரை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள். நகரத்திலிருந்து காமலாபுரத்துக்கு 20 கிலோமீட்டர் போக வேண்டும். அரை மணி அதற்கு. பெட்டியைச் சோதிக்க, ஆளைச் சோதிக்க, ஒன்றரை மணி முன்னதாக வரச் சொல்கிறார்கள். வானத்தில் ஒரு மணி. இறங்குவது பெங்களூரிலா? இல்லை. நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில்! அங்கிருந்து நகரத்தின் நடுவுக்கு வர 35 கிலோமீட்டருக்கு மேல். நெரிசலில் ஒன்றரை மணி. எல்லாம் கூட்டினால் நாலரை மணி. அதே நாலரை மணியில் சேலத்துப் பஸ் பெங்களூருக்குள் நுழைந்திருக்கும். நீங்கள் இறங்கித் தேநீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள்.

விமானத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. டில்லிக்கு ரயிலில் இரண்டு இரவு உட்கார்ந்து போனவனுக்கு விமானத்தின் அருமை தெரியும். வளைகுடா நாட்டில் உழைக்கும் நம் பிள்ளைகளுக்கு அது இல்லாவிட்டால் தாய் முகம் இல்லை. நெடுந்தூரத்தைச் சுருக்குவதில் அதற்கு இணை இல்லை. ஆனால் குறுந்தூரத்தை அது சுருக்குவதில்லை. குறுந்தூரத்தில் விமானம் வெல்ல வேண்டுமானால், நடுவே ஏதாவது ஒன்று குறுக்கே கிடக்க வேண்டும். கடல் கிடக்க வேண்டும். அல்லது மலை கிடக்க வேண்டும்.

அப்படிக் கடல் குறுக்கே கிடக்கும் இடம் ஒன்று உண்டு. அந்தக் கதையைக் கேளுங்கள்.

இரண்டு நிமிடப் பயணம்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி என்னும் தீவுக்கூட்டம். அதில் வெஸ்ட்ரே என்று ஒரு தீவு. அதன் பக்கத்தில் இன்னும் சிறிய தீவு. பெயர் பாப்பா வெஸ்ட்ரே. பெயருக்கு ஏற்றாற்போல் பாப்பாதான்! அங்கே வாழ்கிறவர்கள் நூறு பேருக்குக்கூட எட்டமாட்டார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்கே காணாது.

இந்த இரண்டு தீவுகளுக்கும் நடுவே விமானம் ஓடுகிறது. தூரம் 2.7 கிலோமீட்டர்; மைல் கணக்கில் ஒன்றே முக்கால்கூட இல்லை. நம் காமலாபுரத்து ஓடுபாதையே 1.8 கிலோமீட்டர் நீளம். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர் கூட்டினால் அந்த விமானத்தின் முழுப் பயணமும் முடிந்துவிடும்! காலப்பட்டியலில் போட்டிருக்கும் நேரம் இரண்டு நிமிடம். காற்று சாதகமாக இருந்த ஒரு நாள் 53 நொடியில் கடந்திருக்கிறார்கள். உலகத்திலேயே மிகக் குறுகிய பயணிகள் விமானப் பயணம் என்று பெயர் பெற்றது. லோகன்ஏர் என்னும் கம்பெனி 1967 முதல் இந்த வழியில் பறக்கிறது. எட்டுப் பேர் உட்காரும் சின்ன விமானம்.

வேடிக்கை பார்க்க வருகிற வெளியூர்க்காரன் அதில் ஏறிச் சான்றிதழ் வாங்கிப் போகிறான். ஆனால் அந்த விமானம் வேடிக்கைக்காக ஓடவில்லை. ஆசிரியர் அதில் வருகிறார். மருத்துவர் வருகிறார். நோயாளி அதில் பெரிய ஊருக்குப் போகிறார். மேல்வகுப்புப் படிக்கும் பிள்ளை போகிறது. நடுவில் கிடக்கும் கடல் குளிர்காலத்தில் கொந்தளிக்கும். படகை மட்டும் நம்பியிருக்க முடியாது.

லாபம் வருமா, தோழர்களே? நூறு பேர் இல்லாத தீவுக்கு இரண்டு நிமிடம் பறந்தால் எந்த முதலாளிக்கு லாபம் வரும்? வராது. அந்தத் தீவுகளின் உள்ளாட்சி மன்றம் அந்த நட்டத்தை ஏற்கிறது. "அந்தக் கரையில் இருப்பவனும் நம் குடிமகன், அவனுக்கும் பள்ளிக்கூடம் வேண்டும், மருந்து வேண்டும்" என்று தீர்மானித்தார்கள். தீர்மானித்தபின் வழி பிறந்தது. அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது விமானம் விடுவதை அல்ல. அந்தத் தீர்மானத்தை!

நம்முடைய கடல்

நமக்குக் குறுக்கே கிடந்தது கடல் அல்ல, மலை.

தருமபுரியிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் வத்தல்மலை. மூவாயிரம் அடிக்கு மேல் உயரம். பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு, நாயக்கனூர் என்று சிறு சிறு ஊர்கள். மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். கேரளத்து மலையாளிகள் அல்லர் இவர்கள், மலையை ஆண்டு வாழ்வதால் மலையாளி, பேசுவது தமிழ். சாமையும் ராகியும் விளைகின்றன. காப்பி விளைகிறது. மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி ஏறியிருக்கிறது.

இரவில் அந்த மலை விளிம்பில் நின்றால் கீழே தருமபுரிப் பக்கத்து விளக்குகள் தெரியும். நேர்க்கோட்டில் பார்த்தால் காமலாபுரம் விமான நிலையமே நாற்பது கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. விமானத்தில் பறப்பவனுக்கு வத்தல்மலையைக் கடக்க, வாயில் போட்ட மிட்டாய் கரையும் நேரம்கூட ஆகாது.

ஆனால் அந்த மலையில் வாழ்ந்தவனுக்கு?

கீழே பார்த்தால் ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் தெரியும். போய்ச் சேர ஒரு பகல் வேண்டும்! பாறையும் மண்ணுமான ஒற்றையடிப் பாதை. மழை பெய்தால் அதுவும் ஓடை. உப்பு வேண்டுமா? தலைச்சுமை. மண்ணெண்ணெய் வேண்டுமா? தலைச்சுமை. ஒருத்திக்கு இடுப்புவலி கண்டால் இரண்டு பக்கமும் மூங்கிலைத் தோளில் தாங்கி, நடுவே போர்வையில் தூளி கட்டி, அதில் அவளைப் படுக்க வைத்து நாலு பேர் மாறி மாறிச் சுமந்து இறங்க வேண்டும். பிள்ளைக்குக் கட்டும் பெயரில்தான் இதையும் தூளி என்கிறோம். அந்தத் தூளியில் பிள்ளை ஆடும். இந்தத் தூளியில் உயிர் ஆடும்!

தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்குப் போகும் பஸ்ஸில் நான் போயிருக்கிறேன். ஜன்னலோரம் ஒரு பெரியவர். வளைவு திரும்பும்போதெல்லாம் வெளியே எட்டிப் பார்த்தார். "பயமா அய்யா?" என்றேன்.

"பயம் என்னாங்க! நான் நடந்த பாதை தெரியுதான்னு பாக்கறேன். அந்தப் பாறை மேல சுமைய எறக்கி வெச்சிட்டு மூச்சு வாங்குவோம். எங்க அம்மாவைத் தூளி கட்டித் தூக்கிக்கிட்டு வந்தப்ப அங்கதான் எறக்கினோம். அதுக்கு மேல தூக்கற வேலை இல்லாம போச்சு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பஸ் அடுத்த வளைவில் திரும்பியது. பாறை மறைந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

தோழர்களே! அந்தப் பாறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே இருந்தது எத்தனை கிலோமீட்டர் என்று எந்த வரைபடத்திலும் பார்க்கலாம். எத்தனை நாழிகை என்று அந்தப் பெரியவரிடம்தான் கேட்க வேண்டும்.

24 வளைவுகளும் ஒரு பஸ்ஸும்

இந்த நூற்றாண்டில்தான் வத்தல்மலைக்குத் தார்ச்சாலை ஏறியது. 24 கொண்டை ஊசி வளைவுகள். சாலை வந்தும் பஸ் வரவில்லை. 2022-ஆம் ஆண்டுதான் அரசு பஸ் மலையேறியது. நாடு விடுதலை அடைந்து 75 ஆண்டுகள் கழித்து! விமானம் விடுவது பற்றிப் பேசும் ஒரு நாட்டில், மாவட்டத் தலைநகரின் கண்ணுக்குத் தெரியும் மலைக்கு ஒரு பஸ் போக 75 ஆண்டுகள் பிடித்தன.

யாரைக் குற்றம் சொல்வது? எல்லோரையும்தான். மாறி மாறி ஆண்டவர்களையும் சொல்ல வேண்டும். கீழே இருந்தபடி மேலே பார்த்து, "பாவம், மலைக்காரர்கள்" என்று பெருமூச்சு விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போன நம்மையும் சொல்ல வேண்டும்.

ஒரு பஸ் என்ன செய்யும் என்பதைக் கவனியுங்கள். ஒரு பகல் என்பது ஒரு மணி, ஒன்றரை மணி ஆகும். கீழே படிக்கும் பிள்ளை உறவினர் வீட்டிலோ விடுதியிலோ கிடக்காமல் தாய் சமைத்த களியைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போகலாம். கிழவர் ரத்த அழுத்த மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றைக்கே திரும்பலாம்.

இன்னொன்று, நம் தொழிலாளத் தோழர்களுக்கு உடனே விளங்கும். மிளகு மூட்டையோடு கால்நடையாய் இறங்கியவன் பொழுது சாயுமுன் மலையேறியாக வேண்டும். அது வியாபாரிக்குத் தெரியும். மதியம் வரை விலை சொல்லாமல் இழுத்தால் போதும். "எடுத்துக்கோ சாமி" என்று கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவான். விலையை முடிவு செய்தது மிளகின் காரம் அல்ல. திரும்பிப் போக வேண்டிய தூரம்! கடைசி பஸ் இருக்கிறது என்ற தைரியம் இருந்தால், "இந்த விலைக்குக் கட்டாது" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போவான். பேரம் பேசும் வலிமை பஸ்ஸில் ஏறி வருகிறது. நேரம் இல்லாதவனுக்குக் கூலியும் இல்லை, விலையும் இல்லை. ஆலை வாசலில் வேலைக்காகக் காத்து நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வந்தது போகும்; போனது வராது

ஆனால் பஸ் வந்துவிட்டது என்று கைதட்டிவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மாவட்டத்துக்கு வந்து போன வசதிகளின் கதை நமக்குத் தெரியும்.

1906-ஆம் ஆண்டு மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய ரயில்பாதை போட்டார்கள். பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவர உதவும் என்று வெள்ளைக்காரன் போட்ட பாதை. 1913-இல் அதை ஓசூர் வரை நீட்டினார்கள். யோசித்துப் பாருங்கள்: நூறு ஆண்டுகளுக்கு முன்னே மொரப்பூரில் ஏறி ஓசூரில் இறங்கியிருக்கிறார்கள் நம் மக்கள்! 1941-இல், இரண்டாம் உலகப் போரின்போது அந்தப் பாதையை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். போர் முடிந்தது. தண்டவாளம் திரும்பவில்லை. மொரப்பூர் – தருமபுரிப் பாதைக்கு மறுபடி அடிக்கல் நாட்டியது 2019-இல். 36 கிலோமீட்டர்ப் பாதை. பிடுங்கியதற்கும் அடிக்கல்லுக்கும் இடையே 78 ஆண்டுகள். இதற்கிடையில் மொரப்பூரும் தருமபுரியும் விலகிப் போகவில்லை. மண் அங்கேயேதான் இருந்தது, தூரம் வளர்ந்தது.

விமான நிலையத்தின் கதையும் அப்படித்தான். காமலாபுரத்தை 1993-இல் திறந்தார்கள். கொஞ்ச காலம் பறந்தது, நின்றது. 2009-இல் ஒரு கம்பெனி வந்தது, 2011-இல் போனது. 2018 மார்ச்சில் மறுபடி மாலை மரியாதையோடு சென்னை விமானம் வந்தது. 2021-இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. முப்பது ஆண்டுக்குள் நாலு துவக்க விழா! ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோல்தான் ஓய்வில்லாமல் உழைத்திருக்கிறது.

நட்டம் என்றால் என்ன?

இங்கே முக்கியமான ஒன்றைக் கேட்க வேண்டும். 2018-இல் அந்த விமானம் எப்படி வந்தது? உதான் என்னும் மத்திய அரசுத் திட்டத்தில் வந்தது. சிறிய ஊர்களை விமானத்தால் இணைக்கும் திட்டம் அது. 2016-இல் அறிவித்து, 2017 ஏப்ரலில் சிம்லா – டில்லி வழியில் முதல் விமானத்தைப் பறக்க விட்டார்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய்தான் என்று, விமானத்தில் ஒரு பகுதி இருக்கைகளுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். அந்தக் கட்டணத்தில் கம்பெனிக்குக் கட்டுபடியாகாது என்பதால் குறையும் பணத்தைச் சர்க்கார் கொடுத்தது. மூன்றாண்டுக்குக் கொடுப்போம் என்றது. விமான எரிபொருள் மீது மாநிலங்கள் போடும் வரியை ஒரு சதவீதமாகக் குறைக்கச் சொன்னது. காவலும் தீயணைப்பும் இலவசமாகத் தரச் சொன்னது.

நல்லதுதான்! தவறென்று நான் சொல்லவில்லை. சின்ன ஊரையும் பெரிய ஊரையும் இணைப்பது சர்க்காரின் கடமை. அதில் வரும் நட்டம் நட்டமல்ல, அது சமுதாயம் செலுத்தும் கட்டணம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கொள்கை சரியானது.

சரியான கொள்கை வானத்தில் மட்டும்தான் செல்லுபடியாகுமா? அதுதான் என் கேள்வி!

மலையேறும் பஸ்ஸைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே கேட்கிறார்கள்: "கலெக்‌ஷன் என்ன? டீசல் காசு தேறுகிறதா? டயர் தேய்மானம் எவ்வளவு?" 24 வளைவில் ஏறும் பஸ், சமவெளியில் ஓடும் பஸ்போல வசூல் காட்டாது. காட்டவும் முடியாது. காட்ட வேண்டுமென்று கேட்பது, தாய்ப்பாலுக்கு ரசீது கேட்பது போல. எழுபது பேர் விமானத்துக்கு நட்டத்தைத் தாங்கும் கஜானா, ஐம்பது பேர் பஸ்ஸுக்கு நட்டத்தைத் தாங்காதா? 2,500 ரூபாய்ச் சீட்டு எடுப்பவனுக்குக் கைகொடுக்கும் சட்டம், மஞ்சள் பையோடு நிற்கும் கிழவிக்குக் கைகொடுக்காதா?

"கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்" என்பார்கள் நம் கிராமத்தில். வானம் ஏறுவோம், ஏற வேண்டியதுதான். ஆனால் கூரை மேல் கோழி இன்னும் கத்திக்கொண்டிருக்கிறது.

எங்கே கத்துகிறது என்கிறீர்களா? 2023 மே மாதம். வேலூர் மாவட்டம், அணைக்கட்டுப் பக்கத்து அல்லேரி மலை. ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மலையிலிருந்து இறக்கிக் கொண்டுபோவதற்குள் குழந்தை இறந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து வீடு திரும்பும்போது வண்டி ஏறப் பாதையில்லை; இறந்த குழந்தையைத் தாய் கையில் ஏந்திப் பல கிலோமீட்டர் மலையேறி நடந்தாள். அதே வேலூர் மாவட்டத்தில் அப்போது, உதான் திட்டத்தில் சேர்த்துப் புதுப்பித்த ஓடுபாதை ஒன்று, பயணி விமானம் எதுவும் வராமல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. இறங்க விமானம் இல்லாத இடத்தில் பாதை இருந்தது. ஏற மனிதர்கள் இருந்த இடத்தில் பாதை இல்லை!

நம் தருமபுரி மாவட்டத்திலேயே, பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோன செய்தியைத் தேர்தல்தோறும் பத்திரிகையில் படம் போட்டார்கள். ஓட்டு வாங்கக் கழுதையாவது ஏறியது. ஓட்டுப் போட்டவன் நோயில் விழுந்தால் ஏறியது எது?

சட்டம் தடுக்கிறதா?

"பாதை போடலாம், காடு குறுக்கே இருக்கிறது, வனச் சட்டம் தடுக்கிறது" என்று ஒரு பதில் வரும். தோழர்கள் இந்த இடத்தில் வாயடைத்துத் திரும்பிவிடக் கூடாது. காட்டைக் காக்கத்தான் வேண்டும். 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் இருப்பது உண்மை. ஆனால் 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. அதன் 3-ஆவது பிரிவின் 2-ஆவது உட்பிரிவைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம், மருந்தகம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை முதலிய 13 வகைத் தேவைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வன நிலத்தைத் தரலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இவைதான் நிபந்தனைகள்.

ஒரு ஹெக்டேர் என்றால் பத்தாயிரம் சதுர மீட்டர். நாலு மீட்டர் அகலத்தில் பாதை போட்டால் இரண்டரைக் கிலோமீட்டர் வரும். பல மலையூர்களுக்குக் குறையாய்க் கிடப்பது அந்த இரண்டரைக் கிலோமீட்டர்தான்! அதற்கு டில்லிக்குக் காவடி எடுக்க வேண்டியதில்லை. கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும். போட்ட தீர்மானத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு மாவட்ட வன அலுவலகத்தின் படியேற வேண்டும். பதில் வரும் வரை ஏற வேண்டும்.

மேடையில் முழங்கும் வேலை அல்ல இது. ஆனால் கொடி பிடித்த கைக்கு மனு எழுதவும் தெரிந்திருக்க வேண்டும்.

இனி வரும் விமான நிலையம்

2024 ஜூனில் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு வந்தது: ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம். ஓசூர் தொழில் நகரம். அங்கே வேலைக்குப் போன நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வேலை பெருகும் என்றால் வரவேற்போம். ஆனால் குறுக்கே ஒரு கதவு இருப்பதையும் அறிந்திருக்க வேண்டும். பெங்களூர் விமான நிலையத்தைக் கட்டிய கம்பெனியோடு மத்திய அரசு செய்த ஒப்பந்தத்தில், அந்த நிலையத்தைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிய பெரிய விமான நிலையம் கூடாது என்று ஒரு விதி. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. ஓசூருக்கு இல்லை.

இங்கும் தூரத்தைத்தான் பார்க்கிறீர்கள்! கம்பெனியின் லாபத்தைக் காக்க, 150 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுக் காகிதத்தில் எழுதி, கையெழுத்திட்டு, இருபத்தைந்து ஆண்டுக்குக் காவல் வைத்திருக்கிறார்கள். முதலாளிக்காக இவ்வளவு துல்லியமாகத் தூரத்தை அளக்கத் தெரிந்தவர்கள், குடிமகனுக்காக ஒரு வட்டம் போடக் கூடாதா? "எந்தக் குடிசையிலிருந்தும் இத்தனை நிமிடத்துக்குள் ஒரு மருத்துவர், இத்தனை நிமிடத்துக்குள் ஒரு பள்ளிக்கூடம்" என்று ஒரு விதி எழுதி அதற்கும் கையெழுத்துப் போடக் கூடாதா?

ஆகவே, விமான நிலையம் வரும்போது நாம் கேட்க வேண்டியது இது. அதைக் கட்ட நிலம் கொடுப்பவனுக்கு நியாயமான விலை என்ன? அங்கே வேலை யாருக்கு? அதற்கு மேலே இன்னொன்று: அந்த ஓடுபாதைக்குச் செலவாகும் கோடிகள் ஒதுக்கப்படும் அதே வரவு செலவுத் திட்டத்தில், பாதையில்லா மலையூர்களுக்கு எத்தனை கிலோமீட்டர்? இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள் என்று கேட்போம். ஒன்றை நிறுத்திவிட்டு ஒன்று என்று கேட்கவில்லை. இரண்டும் ஒன்றாய் நடக்கட்டும் என்கிறோம்.

செய்ய வேண்டியது

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வேலூர் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஒன்றியத்தில் பாதை ஏறாத ஊர் எது என்று எழுதுங்கள். அந்த ஊரின் கடைசி வீட்டு வாசலில் நின்று, கையில் கடிகாரத்தோடு, ஆஸ்பத்திரி வரை நடந்து பாருங்கள். கிலோமீட்டரை எழுத வேண்டாம், நேரத்தை எழுதுங்கள். மழை நாளில் ஒரு முறை, இரவில் ஒரு முறை. அந்தக் கணக்கோடு கிராம சபைக்குப் போங்கள். பஸ் வந்துவிட்ட ஊர்களில், வத்தல்மலை போன்ற ஊர்களில், அது நாள்தோறும் வருகிறதா, மழை பெய்த மறுநாள் வருகிறதா, கடைசி நடை ஓடுகிறதா என்று குறித்து வையுங்கள். ஒரு நடை குறைந்தால் அன்றைக்கே கேளுங்கள். மூன்று நடை குறைந்தபின் கேட்டால், "கூட்டம் இல்லை, நிறுத்திவிட்டோம்" என்ற பதில் தயாராக இருக்கும். 1941-இல் பெயர்த்த தண்டவாளத்தை மறந்துவிடாதீர்கள்.

அன்றைக்குப் பெரியூரில் பஸ் நின்றபோது அந்தப் பெரியவர் மெதுவாக இறங்கினார். இறங்கியவர் கண்டக்டரைப் பார்த்து, "நாளைக்கும் வருமில்ல?" என்று கேட்டார். "வரும் பெரியவரே" என்றார் கண்டக்டர். பெரியவர் தலையாட்டிவிட்டு நடந்தார். நம்பியும் நம்பாமலும் ஆட்டிய தலை அது.

அதே நேரத்தில் மேலே ஒரு விமானம் வடக்கு நோக்கிப் போயிற்று. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பஸ் திரும்பிப் போவதைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளைக்கும் வரும் என்று அந்தக் கண்டக்டர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பு அவர் ஒருவருடையது அல்ல, தோழர்களே. நம்முடையது!